வாலிஸ்நேரியா: நீருக்கடியில் வாழும் ஒரு செடியை அதன் இருப்பிடத்தோடு அறிய முழுமையான வழிகாட்டி

முழுக்க நீருக்குள் மூழ்கி வாழும் ஒரு செடியைப் புரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் செடியைப் பார்க்க வேண்டாம். அது வேரூன்றிய மண்ணையும், அதன் மேல் நிற்கும் நீரையும், அந்த நீருக்குள் எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக அமைந்த இடத்தில் வாலிஸ்நேரியா யாரும் கவனிக்காமலேயே புல்வெளிபோல் பரவும். ஒன்று பிசகினாலும் எவ்வளவு பராமரித்தாலும் நிலைக்காது.

இந்தச் செடியைப் பலர் பள்ளிப் பாடநூலில் படித்திருப்பார்கள். நீர் மூலம் மகரந்தச்சேர்க்கை நடப்பதற்கு எடுத்துக்காட்டாக ஒரு வரியில் இது வந்துபோகும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதை நேரில் பார்க்க முடியும் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. ஓர் ஏரியின் ஓரத்தில் பொறுமையாக உட்காரத் தெரிந்த எவரும் பார்க்கலாம். செடியை இனங்காண்பது, அதன் இருப்பிடத்தை வாசிப்பது, பூப்பதைக் கவனிப்பது, தொட்டியிலும் குளத்திலும் வளர்ப்பது என்ற வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது. தொட்டியில் வளர்ப்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றாலும் முன்பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தொட்டியில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: இனங்காணுதல்

வாலிஸ்நேரியா, ஹைட்ரோகாரிட்டேசி குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் தாவரம். நீருக்குள் பச்சையாகத் தெரியும் எல்லாவற்றையும் பாசி என்று சொல்லிவிடும் வழக்கத்தால் இதையும் பலர் பாசி என்றே எண்ணுகிறார்கள். இதற்கு உண்மையான வேர் உண்டு, இலை உண்டு, பூ உண்டு, கனியும் விதையும் உண்டு.

நிமிர்ந்த தண்டு எதுவும் கண்ணில் படாது. மண்ணை ஒட்டிய ஒரு குறுகிய அடிப்பகுதியிலிருந்து நாடா போன்ற இலைகள் கொத்தாக மேலே எழும். இலை தட்டையாகவும் மென்மையாகவும் இருக்கும். விரலிடையில் வைத்து இழுத்தால் பட்டுத் துணியைப் போல வழுக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீளவாக்கில் ஓடும் நரம்புகளும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் மெல்லிய கோடுகளும் தெரியும். நுனி மழுங்கியோ சற்றுக் குறுகியோ இருக்கும். நுனிப் பக்கத்து ஓரத்தை நகத்தால் வருடினால் மிகச் சிறிய பற்கள் தட்டுப்படும். இலையின் நீளத்தை வைத்து இனத்தை முடிவு செய்யக் கூடாது. ஒரே செடி ஆழமற்ற நீரில் ஒரு சாணும், ஆழமான நீரில் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். வட அமெரிக்காவின் வாலிஸ்நேரியா அமெரிக்கானா 2 மீட்டர் வரை இலை விடுவதுண்டு.

செடியின் அடியை மெதுவாகத் துழாவிப் பாருங்கள். மண்ணின் மேலோ சற்றுக் கீழோ ஓடுதண்டு ஒன்று கிடைமட்டமாகப் போய் அடுத்த செடியில் முடிந்தால், இனங்காண்பதில் பாதி வேலை முடிந்தது.

ஏமாற்றக்கூடிய செடிகள் சில உண்டு. நீருக்குள் வளரும் சாஜிட்டேரியாவும் நாடா இலை விடும், ஓடுதண்டும் விடும். ஆனால் அதன் இலை அடியில் தடித்துப் பஞ்சுபோல் இருக்கும், நுனி நோக்கிக் கூராகக் குறுகும். அது பூத்துவிட்டால் குழப்பமே இல்லை: மூன்று வெள்ளை இதழ்கள் நீருக்கு மேல் தெளிவாகத் தெரியும். ஸ்பார்கேனியம் இலையின் பின்புறத்தில் படகின் அடிக்கட்டைபோல் ஒரு மேடு ஓடும். வாலிஸ்நேரியா இலையில் அது கிடையாது. கடற்புல்லான சோஸ்டெரா பார்வைக்கு மிக நெருக்கமானது, ஆனால் அது உப்புநீரில் வாழ்வது. ஹைட்ரில்லாவை இதனோடு குழப்பிக்கொள்ள வழியில்லை; அதில் நீண்ட தண்டும், தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்த சிறு இலைகளும் இருக்கும்.

இந்தப் பேரினத்தை முதலில் விவரித்தவர் இத்தாலியத் தாவரவியலாளர் பியர் அந்தோனியோ மிக்கேலி. 1729-இல் வெளியான நூலில் ஆண் செடியையும் பெண் செடியையும் அவர் இரு வேறு பேரினங்களாகவே வகைப்படுத்தினார். பதுவா நகரில் பேராசிரியராக இருந்த மருத்துவர் அந்தோனியோ வாலிஸ்நேரியின் நினைவாகப் பெயர் அமைந்தது. 1753-இல் லின்னேயஸ் அதை வாலிஸ்நேரியா ஸ்பைராலிஸ் என்று பதிவு செய்தார். மிக்கேலியைக் குறை சொல்வதற்கில்லை. இது ஈரில்லத் தாவரம். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிச் செடிகளில் வரும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே இனத்தின் பூக்கள் என்று நம்புவது இன்றைக்கும் கடினம்தான்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

ஐரோப்பாவின் தெற்குப் பகுதி, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்காக்கள் என வெப்பமண்டலத்திலும் மிதவெப்ப மண்டலத்திலும் இந்தப் பேரினம் பரவியிருக்கிறது. ஏரிகள், மெதுவாக ஓடும் ஆறுகள், கால்வாய்கள், கழிமுகங்களின் நன்னீர்ப் பக்கம் ஆகியவை இதன் இடங்கள். சிறிதளவு உவர்ப்பையும் தாங்கும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சஸ்குவெஹன்னா ஆறு வந்து சேரும் ஆழமற்ற பரப்பில் பெரும் வாலிஸ்நேரியா வெளிகள் உண்டு. ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரிக்கரையிலும் இது வளர்கிறது. குளிர்ந்த நாடுகளில் வெந்நீர் ஊற்றோ, சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் வெதுவெதுப்பான நீரோ கலக்கும் ஆறுகளில், ஜெர்மனியின் எர்ஃப்ட் ஆற்றில் நடப்பதுபோல, அயலிலிருந்து வந்து குடியேறிவிடுவதும் உண்டு.

ஓர் ஏரிக்கு முதல்முறை போகிறவர் கரையைச் சுற்றி நடந்து அலையின் போக்கைப் பார்க்க வேண்டும். காற்று நேராக வந்து மோதும் கரையில் அலை மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். அங்கே இளஞ்செடி வேர் பிடிப்பதற்குள் பிடுங்கப்படும். காற்றுக்கு மறைவான வளைவுகள், ஆற்றில் நீரோட்டம் தளரும் உட்பக்கத் திருப்பங்கள், தீவுகளின் மறைவிடங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். ஆனாலும் முழுக்கத் தேங்கிக் கறுத்த நீரைவிட லேசாக நகரும் நீரே இதற்கு உகந்தது. இலையைச் சுற்றி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தை நீரோட்டம் குறைக்கிறது; அதனால் கரைந்த கார்பன் இலைக்குள் போவது எளிதாகிறது.

கரையில் ஒதுங்கியிருப்பதையும் பாருங்கள். நீளமான பச்சை நாடாக்கள் சுருண்டு கிடந்தால் அருகே எங்கோ ஒரு வெளி இருக்கிறது என்று பொருள். வாத்துகளும் ஆமைகளும் அறுத்துவிட்ட இலைகள் காற்றோடு வந்து சேர்பவை அவை.

நீருக்குள் இறங்கும் முன் சில விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியானால் அனுமதி தேவை. ஆழம் தெரியாத சேற்றில் தனியாக இறங்க வேண்டாம். நத்தைகள் வழியே ஷிஸ்டோசோமா ஒட்டுண்ணி பரவும் நாடுகளில் வெறுங்காலோடு நீரில் நிற்பதே ஆபத்து. தண்ணீர் புகாத உயரக் காலணி வேண்டும், இல்லையென்றால் படகிலிருந்தே பார்க்க வேண்டும். செடியின் மேல் நடக்காதீர்கள். மிதிபட்ட இடத்தில் ஓடுதண்டுகள் அறுந்து, பல மாதங்களுக்கு வெற்று மண்ணாகவே கிடக்கும்.

மூன்றாம் படி: வெளிச்சத்தை அளத்தல்

வாலிஸ்நேரியாவின் வாழ்வும் சாவும் வெளிச்சத்தில்தான் தீர்மானமாகின்றன. மூழ்கி வாழும் நன்னீர்ச் செடிகளுக்குப் பொதுவாக நீர்ப்பரப்பில் விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது கீழே எட்ட வேண்டும். குறைந்த வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்வதில் வாலிஸ்நேரியா தேர்ந்தது என்றாலும் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

இதை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 1865-இல் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் கடல்நீரின் தெளிவை அளக்க வெள்ளைத் தட்டு ஒன்றை இறக்கிப் பார்த்தார். ஏரிகளில் இன்றும் பயன்படுவது அதன் வழிவந்த தட்டுதான்: 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், நான்கு கால்பகுதிகளாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசப்பட்டது. அடியில் எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் தொங்கவிட வேண்டும்.

நண்பகலை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கத்தில் தட்டை மெதுவாக இறக்குங்கள். கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று இறக்கிவிட்டு மேலே இழுத்து, மீண்டும் தெரியத் தொடங்கும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரியே செக்கி ஆழம். வழக்கமான தோராயக் கணக்கின்படி, செக்கி ஆழத்தைப் போல சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு ஆழத்தில் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். தட்டு 1 மீட்டரில் மறைகிறது என்றால், செடியை ஒன்றரை மீட்டருக்குக் கீழே தேடிப் பயனில்லை. தட்டு 40 சென்டிமீட்டரிலேயே மறைந்துவிட்டால், முழங்கால் ஆழத்துக்கு அப்பால் செடி இருப்பது அரிது.

ஒருநாள் அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. மழைக்குப் பின் ஒருமுறை, வறண்ட நாட்களில் ஒருமுறை, பாசி பெருகும் வெயில் காலத்தில் ஒருமுறை என அளந்தால்தான் அந்த நீரின் குணம் பிடிபடும். வளர்ச்சிப் பருவத்தின் கலங்கல்தான் செடியின் ஆழத்தை முடிவு செய்கிறது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொட்டிய மழை ஏராளமான வண்டலை செசபீக் விரிகுடாவுக்குள் அடித்துச் சென்றபோது, ஏற்கெனவே சத்து மிகுதியால் நலிந்திருந்த நீரடிச் செடிவெளிகள் பெருமளவில் அழிந்தன. சஸ்குவெஹன்னா முகப்பில் அவை மீண்டும் அடர்ந்து பரவ 2000-களின் நடுப்பகுதி வரை ஆனது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நீர் தெளிவாகவே இருந்தாலும் இலையின் மேல் பழுப்பு நிறத்தில் வழவழப்பான படலம் ஏறியிருந்தால் வெளிச்சம் இலைக்குள் போகாது. நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்த நீரில் இந்த ஒட்டுப்பாசி வேகமாகப் படியும். இரண்டு விரல்களால் இலையைத் துடைத்துப் பார்த்தால் எவ்வளவு படிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதை மேய்ந்து துப்புரவாக வைப்பவை சிறு நத்தைகளும் நீர்ப்பூச்சிகளின் இளம்பருவங்களும். நத்தையைக் கண்டதும் செடியைத் தின்ன வந்த எதிரி என்று முடிவு கட்டுபவர்கள், அது உண்மையில் எதைச் சுரண்டுகிறது என்று சற்று நேரம் கவனிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நான்காம் படி: அடிமண்ணை வாசித்தல்

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். மணலும் வண்டலும் கலந்த மண் என்றால் நல்லது. கருமையாக, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் சேறு என்றால் அங்கே ஆக்சிஜன் இல்லை, சல்பைடு சேர்ந்திருக்கிறது. ஓரளவு வரை வாலிஸ்நேரியா அதைச் சமாளிக்கும். அதன் இலையிலும் வேரிலும் காற்றறைகள் குழாய்போல் ஓடுகின்றன. பகலில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜன் அவற்றின் வழியே வேருக்கு இறங்கி, சிறிது மண்ணுக்குள்ளும் கசிகிறது. பிடுங்கிய வேரில் துருப்பிடித்தது போன்ற செம்பழுப்புப் பூச்சு தெரிந்தால், அது மண்ணிலுள்ள இரும்பு அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து படிந்தது. செடி தன் காலடி மண்ணைத் தானே வாழத் தகுந்ததாக மாற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நீரைக்கூட அது மாற்றுகிறது. அடர்ந்த இலைகள் நீரோட்டத்தைத் தளர்த்துகின்றன, மிதக்கும் வண்டல் கீழே படிகிறது, வேர்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன, நீர் தெளிகிறது, மேலும் வெளிச்சம் இறங்குகிறது, செடி மேலும் பரவுகிறது. இந்தச் சுழற்சி எதிர்த்திசையிலும் அதே வலிமையோடு ஓடும். செடி அழிந்தால் மண் கிளம்புகிறது, நீர் கலங்குகிறது, எஞ்சிய செடியும் இருளில் மடிகிறது. ஆழமற்ற ஓர் ஏரி ஒருமுறை கலங்கல் நிலைக்குச் சரிந்துவிட்டால், சத்து வரத்தைக் கொஞ்சம் குறைத்ததும் திரும்பி வந்துவிடாததற்கு இதுவே காரணம். ஆகவே செடியையும் இருப்பிடத்தையும் தனித்தனியாக வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே நீர் தெளிவாக இருப்பதில் பாதி செடியின் வேலை.

கடினநீரில் வளரும் இலைகளை மாலையில் தொட்டுப் பாருங்கள். சில நேரம் சுண்ணாம்புத் தூள் படிந்ததுபோல் சொரசொரக்கும். நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு குறைந்ததும் வாலிஸ்நேரியா பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுக்கத் தொடங்குகிறது. அப்போது நீரின் பி.எச். உயர்ந்து, கால்சியம் கார்பனேட் இலைமேல் படிகிறது. பைகார்பனேட் நிறைந்த நீரில் இது செழிப்பதற்கும், மழைநீர் போன்ற மென்னீரில் திணறுவதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பூப்பதைப் பார்த்தல்

மிதவெப்பப் பகுதிகளில் கோடையின் நடுப்பகுதியிலிருந்து இலையுதிர் காலத் தொடக்கம் வரை பூக்கும். காற்று அடங்கிய, வெயில் உள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சிறிய பைனாகுலரும் ஒரு கைலென்சும் போதும்.

முதலில் பெண் செடியைத் தேடுங்கள். நூல்போல் மெல்லிய, நீண்ட காம்பு ஒன்று அடியிலிருந்து நீர்ப்பரப்பு வரை வந்திருக்கும். அதன் முனையில், பரப்போடு பரப்பாக, ஒற்றைப் பெண் பூ மிதக்கும். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை: குழாய் போன்ற சூலகம், மூன்று சிறு புல்லிதழ்கள், நடுவே சூலகமுடிகள். ஆனால் லென்ஸ் வழியே கூர்ந்து பார்த்தால் பூவைச் சுற்றி நீர்ப்பரப்பு மெல்லியதாகக் குழிந்திருப்பது தெரியும். நீர் ஒட்டாத அதன் மேற்பரப்பும், காம்பின் லேசான இழுப்பும் சேர்ந்து உண்டாக்கும் குழிவு அது. எல்லாமே அந்தக் குழிவில்தான் நடக்கப்போகிறது.

ஆண் செடியின் பூக்கள் நீரின் அடியில், இலைக்கொத்தின் காலடியில், ஒரு பாளைக்குள் இருக்கின்றன. ஒரு பாளையில் நூற்றுக்கணக்கில், சில இனங்களில் அதற்கும் மேலாக இருக்கும். ஒவ்வொன்றும் ஊசித் தலையைவிடச் சிறியது. பாளை பிளந்ததும் அவை காம்பிலிருந்து கழன்று, உள்ளே சிறைப்பட்ட காற்றுக்குமிழியின் துணையால் ஒவ்வொன்றாக மேலே எழுகின்றன. பரப்பை அடைந்ததும் புல்லிதழ்கள் கீழ்நோக்கி மடிந்து பூவைத் தாங்கி நிற்க, மகரந்தத் தாள்கள் மேலே நீட்டிக்கொள்கின்றன. மகரந்தம் நனைவதே இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு நீரின் மேல் வெண்ணிறத் தூள் சிந்தியதுபோலத்தான் இருக்கும். அந்தத் தூளில் ஒவ்வொரு துகளும் ஒரு முழுப் பூ.

பிறகு காற்றும் நீரோட்டமும் அவற்றைத் தள்ளிச் செல்கின்றன. பெண் பூவின் குழிவை நெருங்கியதும் பரப்பு இழுவிசையால் ஆண் பூ சரிந்து உள்ளே விழுகிறது. நீட்டிய மகரந்தம் சூலகமுடியில் ஒட்டுகிறது. சிற்றலை ஒன்று வந்து பெண் பூவைக் கணநேரம் மூடினால்கூட வேலை கெடுவதில்லை. குழிவின் மேல் நீர் கூடி ஒரு காற்றுக்குமிழி உண்டாக, அதற்குள் அகப்பட்ட ஆண் பூக்கள் சூலகமுடியின் மேலேயே கவிழ்கின்றன.

மகரந்தம் சேர்ந்த பின் பெண் பூவின் காம்பு சுருள்வில்போல் சுருண்டு, சூலகத்தை மீண்டும் நீருக்குள் இழுத்துக்கொள்கிறது. கனி அங்கேயே முதிர்கிறது. உருளை வடிவில் நீண்ட அந்தக் கனிக்குள் கூழ் போன்ற பொருளில் புதைந்து ஏராளமான சிறு விதைகள் இருக்கும்.

சுருண்ட காம்பு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லாத வெளிகளும் உண்டு. ஓடுதண்டு மூலம் பரவும் செடி என்பதால், பெரிய பரப்பு முழுவதும் ஒரே தாய்ச்செடியின் பிரதிகளாக, ஒரே பாலினமாக இருக்க வாய்ப்புண்டு. அங்கே பூக்கும், ஆனால் விதை பிடிக்காது. மீட்புப் பணிக்கு நாற்று எடுப்பவர்கள் பலவித இடங்களிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிர்காலத்தில் நீர் உறையும் நாடுகளில் வாலிஸ்நேரியா அமெரிக்கானாவின் இலைகள் மடிந்துவிடும். ஓடுதண்டின் நுனியில் மாவுச்சத்து நிறைந்த குளிர்கால மொட்டுகள் மண்ணுக்குள் புதைந்து காத்திருந்து வசந்தத்தில் முளைக்கும். வெப்பமண்டலத்தில் இந்த உறக்கம் இல்லை. ஆண்டு முழுதும் பச்சையாகவே இருக்கும்.

ஆறாம் படி: உடன் வாழ்பவர்கள்

வட அமெரிக்காவின் கேன்வாஸ்பேக் வாத்து மேலே சொன்ன குளிர்கால மொட்டுகளைத் தோண்டித் தின்பதில் பேர்பெற்றது. அதன் அறிவியல் பெயரிலேயே இந்தச் செடியின் பெயர் இருக்கிறது. புளோரிடாவின் நன்னீர் ஊற்றுகளில் கடற்பசுவுக்கு உறவான மானட்டிகள் இலைகளை மேய்கின்றன. கிரிஸ்டல் ஆற்றின் தலைப்பகுதியில் படர்ந்த பாசிக்கழிவை அகற்றிவிட்டு வாலிஸ்நேரியாவை மீண்டும் நட்டிருக்கிறார்கள். மீன்குஞ்சுகள், இறால்கள், தட்டான்களின் இளம்பருவங்கள் எல்லாம் இலைகளுக்கு இடையில் ஒளிந்து வளர்கின்றன. ஒரு வெளியின் ஓரத்தில் அசையாமல் சிறிது நேரம் நின்றால், வெற்று மண்ணுக்கும் செடியுள்ள இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மீன்களே காட்டிவிடும்.

நுண்ணோக்கி இருந்தால்

இளம் இலையிலிருந்து சிறு துண்டு வெட்டி, ஒரு துளி நீரில் வைத்து, கண்ணாடி மூடி 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டிய அதிர்ச்சியில் முதலில் எல்லாம் நின்றிருக்கும். சில நிமிடங்கள் பொறுங்கள். விளக்கின் இளஞ்சூடும் உதவும். பசுங்கணிகங்கள் செல் சுவரை ஒட்டி வரிசையாகச் சுற்றத் தொடங்கும். இந்த சைட்டோபிளாச ஓட்டத்தைக் காட்ட உலகெங்கும் வகுப்பறைகளில் இந்த இலையைத்தான் அடிக்கடி எடுக்கிறார்கள். புறத்தோல் செல்களிலேயே பசுங்கணிகம் நிறைந்திருப்பதையும், இலைத்துளைகள் இல்லாததையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: தொட்டியில் வளர்த்தல்

முதலில் இனத்தைத் தேர்ந்தெடுங்கள். 45 சென்டிமீட்டர் உயரத் தொட்டிக்கு வாலிஸ்நேரியா ஸ்பைராலிஸ் பொருந்தும். சிறிய தொட்டிக்கு மெல்லிய இலையுள்ள ‘நானா’ என்ற வகை. ஜைஜான்டியா என்று விற்கப்படும் வகையைப் பெரிய தொட்டி இல்லாதவர்கள் தொடவே வேண்டாம்.

கடையிலிருந்து கொண்டுவரும்போது ஈரம் உலரவே கூடாது. நிலத்துச் செடியின் இலையில் இருப்பது போன்ற தடித்த மெழுகுப் பூச்சு இதற்கு இல்லை. திறந்த காற்றில் நிமிடங்களில் வாடிவிடும்.

கழுவிய பொடிச்சரளை 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு இருக்கட்டும். நீண்ட வேர்களைச் சற்றுக் கத்தரித்து விரித்து நடுங்கள். வேரும் இலையும் சேரும் இடம், அதாவது வெண்மையான அடிக்கழுத்து, சரளைக்கு மேலேயே தெரிய வேண்டும். புதைந்தால் அழுகும். நட்டபின் மெதுவாக மேலே இழுத்து, கழுத்து வெளியே வந்ததும் விட்டுவிடுவது எளிய வழி.

முதல் சில வாரங்களில் பழைய இலைகள் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்துபோகலாம். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். புதிய நீருக்குப் பழகும்போது செடி பழைய இலைகளைக் கைவிடுகிறது. அடிக்கழுத்து உறுதியாக இருக்கும் வரை அது உயிரோடுதான் இருக்கிறது. உள்ளிருந்து புதிய இலை கிளம்பும்.

நாளுக்கு 8 மணி நேர ஒளியில் தொடங்குங்கள். 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் வசதியானது. பி.எச். 7-க்கு மேல், ஓரளவு கடினத்தன்மையுள்ள நீர் இதற்குப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு உருளை தேவையில்லை. பைகார்பனேட்டைப் பற்றிச் சொன்னது இங்கே உதவுகிறது. மிக மென்மையான நீரில் செடி வெளிறிச் சோர்ந்தால், உரத்தைக் கூட்டுவதற்கு முன் கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது நீரில் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்பதை, சோதியுங்கள். வெறும் சரளையில் நட்டிருந்தால் வேருக்கருகே உரமாத்திரை வைப்பது பலன் தரும், ஏனெனில் இது வேர் வழியே நிறைய உண்ணும் செடி.

திரவக் கார்பன் என்ற பெயரில் விற்கப்படும் குளுட்டரால்டிஹைடு கலவைகளை இந்தத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மற்ற செடிகள் தாங்கும் அளவிலேயே வாலிஸ்நேரியா கரைந்துபோவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். செம்பு கலந்த மீன் மருந்துகளிலும் அதே எச்சரிக்கை வேண்டும்.

இலை நீண்டு பரப்பில் படர்ந்தால் நடுவில் வெட்டாதீர்கள். வெட்டிய முனை பழுப்பாகும். முதிர்ந்த இலையை அடியோடு நீக்குவதே நல்லது. ஓடுதண்டில் வந்த இளஞ்செடிக்கு நான்கைந்து இலையும் சொந்த வேரும் வந்தபின் பிரித்து நடலாம்.

எட்டாம் படி: குளத்தில் மீண்டும் நடுதல்

அந்த நீர்நிலையில் இயல்பாக இருந்த இனம் எது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இந்தப் படிக்கு வாருங்கள். பொறுப்பான துறையின் அனுமதி தேவை.

அழிந்ததற்கான காரணம் இன்னும் அங்கேயே இருந்தால் நடுவது வீண். வண்டலும் கழிவுநீரும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்து அடைக்க வேண்டும். அடிமண்ணைக் கிளறும் கெண்டை மீன்களும், செடியைத் தின்னும் புல்கெண்டையும் மிகுதியாக இருந்தால் அவற்றைக் குறைக்க வேண்டும். பிறகு செக்கித் தட்டு காட்டும் எல்லைக்கு நன்றாக உள்ளே, இடுப்பளவுக்குக் குறைந்த ஆழத்தில், காற்றுக்கு மறைவான ஓரத்தில் திட்டுத் திட்டாக நடுங்கள். பரவலாகத் தனித்தனிச் செடிகளை நடுவதைவிட நெருக்கமான திட்டுகள் ஒன்றையொன்று காக்கும். ஆமையும் பறவையும் மேய்ந்துவிடாமல், வேர் பிடிக்கும் வரை வலைக்கூண்டு போட வேண்டும். ஒரு திட்டைக் கூண்டில்லாமல் விட்டுவைத்தால், மடிவது மேய்ச்சலாலா இருளாலா என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் வைத்து, உள்ளே உள்ள செடிகளை எண்ணிப் பதிவு செய்யுங்கள். சீனாவின் ஆழமற்ற ஏரிகளில் வாலிஸ்நேரியா நேட்டன்ஸை வைத்து நடக்கும் மீட்புப் பணிகளிலும் மீன்களைக் கட்டுப்படுத்துவதும் செடி நடுவதும் சேர்ந்தே நடக்கின்றன.

வெளியே போகக் கூடாதவை

தொட்டியில் வெட்டி எடுத்த இலை, ஓடுதண்டு, பழைய தண்ணீர் எதையும் ஏரியிலோ ஓடையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். ஓடுதண்டின் ஒரு துண்டும் ஒரு சிறு கழுத்தும் இருந்தால் புதிய வெளி தொடங்கிவிடும். நியூசிலாந்தில் இந்தப் பேரினச் செடிகள் அயலிலிருந்து வந்து ஏரிகளை அடைத்ததால், அவற்றை விற்பதும் பரப்புவதும் அங்கே தடை செய்யப்பட்டுள்ளன. கழித்தவற்றை வெயிலில் நன்றாகக் காயவைத்து, நீர்நிலையிலிருந்து தள்ளியுள்ள உரக்குழியில் போடுங்கள். தொட்டி நீரை நிலத்துச் செடிகளுக்கு ஊற்றலாம்.

ஏரியில் பயன்படுத்திய காலணி, கயிறு, தட்டு, வலை எல்லாவற்றையும் அங்கேயே சேறு போகக் கழுவி, ஒட்டியிருக்கும் இலைத்துணுக்குகளைக் கையால் அகற்றி, அடுத்த நீர்நிலைக்குப் போகும் முன் முற்றிலும் உலர விடுங்கள்.